டெம்போ டிராவலரின் பல்புக் கணக்கு

எங்கள் கேரவன் பிறக்கும்போதே கேரவன் இல்லை. முதலில் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் ஆள் ஏற்றிப் போன டெம்போ டிராவலர். அப்புறம் யாரோ அதற்குள் சோபா, படுக்கை, ஆளுயரக் கண்ணாடி, ஏ.சி. எல்லாம் வைத்து ஷூட்டிங் வண்டியாக்கியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய வண்டிகள் வந்ததும் இதை யாரும் கூப்பிடவில்லை; ஒரு ஷெட்டில் தூசி படிந்து நின்றது. அங்கிருந்து என் மச்சானும் நானும் பாதிப் பாதிப் பணம் போட்டு எடுத்தோம். ஆர்.சி. விவகாரம் தனிக் கதை. வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்று ஆரம்பித்தால் இந்தப் பதிவு அங்கேயே நின்றுவிடும்.

வீடு தண்டையார்பேட்டையில். எங்கள் தெருவில் ஆட்டோ திரும்பவே யோசிக்கும் என்பதால் வண்டி மாதவரம் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் நிற்கிறது. குடும்பத்தோடு அதிகம் போவது பழவேற்காட்டுக்கு. சில சமயம் ஆந்திராவில் இருக்கும் தடா, அதையும் தாண்டி. எங்கே போனாலும் ஒரே தொல்லைதான். சாயங்காலம் விளக்கைப் போட்டால் நடுராத்திரிக்குள் இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்துவிடும். குழந்தை எழுந்துகொள்ளும், மின்விசிறி நிற்கும், கொசு வரும். அதற்காக வண்டியின் உள்விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றிய கதைதான் இது.

காரணம் வண்டியின் பழைய பிழைப்பிலேயே இருந்தது. ஷூட்டிங் கேரவன் பேட்டரியை நம்பி வாழ்ந்த வண்டி கிடையாது. பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். வயரிங் செய்தவருக்கு வாட் கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கூரையில் ஆறு ஹாலஜன் விளக்கு, ஒவ்வொன்றும் 20 வாட். 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசிக்கால் நீட்டிக்கொண்டிருக்கும் ஜி4 வகை. படுக்கைக்கு மேலே படிக்கிற விளக்கு இரண்டு, பழைய லாரி பல்பு மாதிரி அழுத்தித் திருப்பி மாட்டுகிற ரகம், 10 வாட். பின்கதவுக்கு மேலேயும் மேல் அலமாரிக்குள்ளும் இரண்டு முனையும் கூராக உள்ள குழல் பல்பு. இதெல்லாம் 12 வோல்ட். இவற்றுக்கெல்லாம் ராணியாக அந்த மேக்கப் கண்ணாடி. அதைச் சுற்றி எட்டு உருண்டை பல்பு, தலைக்கு 40 வாட், 230 வோல்ட், இன்வெர்ட்டர் வழியாக.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். அதை எரிந்த மணி நேரத்தால் பெருக்கினால் ஆம்பியர்-அவர், சுருக்கமாக ஏ.எச்.; பேட்டரியிலிருந்து எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கு. கூரை விளக்கு ஆறும் சேர்ந்து 120 வாட், அதாவது 10 ஆம்பியர். ஆறரை மணியிலிருந்து பத்தரை வரை எரிந்தால் 40 ஆம்பியர்-அவர் காலி. கண்ணாடி பல்புகள் 320 வாட். இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் போகும். வெளியே கிளம்புமுன் பெண்கள் எல்லாரும் முறைபோட்டு அதன் முன்னால் நின்றால் அரை மணி, 15 ஆம்பியர்-அவர். இரண்டு சின்ன டி.சி. மின்விசிறி ராத்திரி முழுக்கச் சுற்றினால் 20. மொத்தம் 75. நாங்கள் வைத்திருப்பது வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துகொண்டே போகும். ஆக நமக்குக் கிடைப்பதே அந்த 75தான். அந்த 150-உம் 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால்தான் 150. கண்ணாடி விளக்கு மாதிரி ஒரேயடியாக 30 ஆம்பியர் உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது.

இந்தக் கணக்கைப் போட்டுத் தந்தது பெரியப்பா. பேசின் பிரிட்ஜ் யார்டில் டி.எல். பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டி.எல். என்றால் ட்ரெயின் லைட்டிங். ரயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறி, பேட்டரி எல்லாம் அவர்கள் கையில். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 24 வோல்ட் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோவைச் சுற்றுவார்கள். வண்டி ஓடினால் டைனமோ, நின்றால் பெட்டிக்கு அடியில் இருக்கும் பேட்டரி. ஸ்டேஷனில் ரொம்ப நேரம் நின்றால் பல்பு மஞ்சளாகி மங்கிக்கொண்டே வருவதை என் வயதுக்காரர்களே சிலர் பார்த்திருப்பார்கள். பின்னால் 110 வோல்ட் வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் குறைந்தது. ஆக, நகரும் வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் தொல்லையை வாழ்க்கை முழுக்கப் பார்த்தவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். மச்சான் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நேராகப் பெரியப்பாவிடம் போய்விட்டேன்.

“பன்னெண்டு வோல்ட்டுன்னு சும்மா கூப்பிடறதுடா. மீட்டர வெச்சுப் பாரு” என்றார்.

வைத்துப் பார்த்தோம். நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்வாக இருந்த பேட்டரி 12.7 காட்டியது. ராத்திரி பாதி தீர்ந்த நிலையில் 12.1 பக்கம். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 14.4. சோலார் பேனல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஏறும். பழைய ஹாலஜனும் குண்டு பல்பும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். அவற்றின் இழை சூடாகச் சூடாக மின்தடையும் கூடுவதால் மின்னோட்டம் கொஞ்சம்தான் ஏறும். கொஞ்சம் அதிகமாக எரிந்து சீக்கிரம் உயிரை விடும், அவ்வளவுதான். எல்.இ.டி. அப்படி இல்லை.

ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் வேண்டும். மலிவு பல்புகளில் மூன்றை வரிசையாகக் கோத்து, மிச்ச வோல்ட்டைத் தின்ன ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். மூன்றுக்கும் சேர்த்து 9.3 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி 12 என்றால் ரெசிஸ்டரின் பங்கு 2.7. இன்ஜின் ஓடி 14.4 ஆனால் அதன் பங்கு 5.1. வோல்ட் ஏறியது ஐந்தில் ஒரு பங்குதான். பல்பு வழியாகப் போகும் மின்னோட்டமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மேஜை மேல் வைத்துப் பார்த்தால் ஜம்மென்று எரியும் பல்பு, பழவேற்காடு போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு ஓரம் கருத்துச் சிமிட்ட ஆரம்பிப்பது இதனால்தான். ‘எல்.இ.டி. எல்லாம் சும்மா, ஹாலஜன்தான் உழைக்கும்’ என்று லாரிக்காரர்கள் சிலர் சொல்வதன் பின்னால் இருக்கும் அனுபவமும் இதுதான். அவர்கள் பார்த்தது தப்பில்லை, வாங்கிய பல்பு அந்த மாதிரி.

நல்ல பல்புக்குள் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு குட்டி டிரைவர் சர்க்யூட் இருக்கும். வெளியே 10 வோல்ட் வந்தாலும் 30 வந்தாலும் எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். அட்டையில் ‘10–30 வோல்ட் டி.சி.’ என்று போட்டிருப்பது இந்த ரகம். போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. பெரியப்பா காட்டிய சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துப் பல்போடு வரிசையில் இணையுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது ஒரு அளவு, ஸ்டார்ட் செய்த பிறகு ஒரு அளவு. இன்ஜின் ஓடும்போது ஆம்பியர் கொஞ்சம் குறைந்தால் உள்ளே ஒழுங்கான டிரைவர் இருக்கிறது. வோல்ட் கூடினால் ஆம்பியரைக் குறைத்து வாட்டை அதே அளவில் வைக்கிறது. விறுவிறுவென்று ஏறினால் உள்ளே வெறும் ரெசிஸ்டர். கடைக்காரரோடு வாதாடத் தேவையில்லை. ஒரே ஒரு பல்பு வாங்கி, சோதித்து, அப்புறம் மிச்சத்தை வாங்கினால் போதும்.

வாங்குவதுதான் பெரும்பாடு. மாதவரத்திலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் லாரி ஸ்பேர் கடைக்குக் குறைவில்லை. ஆனால் லாரியெல்லாம் 24 வோல்ட். அந்தப் பல்பை 12 வோல்ட்டில் மாட்டினால் மினுங்கும், சிலது எரியவே எரியாது. பாரிமுனையில் எலக்ட்ரிகல் கடைகளுக்குப் போய் ‘கூரையில் பதிக்கிற சின்ன லைட்’ என்றால் வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடுவதை எடுத்துக் கொடுப்பார்கள். அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் கூடவே ஒரு டிரைவர் பெட்டி தொங்கும், அதற்கு 230 வோல்ட் வேண்டும். பேட்டரியின் 12-ஐ இன்வெர்ட்டர் 230 ஆக்க, அந்த 230-ஐ டிரைவர் பெட்டி மறுபடி சின்ன வோல்ட் ஆக்க, நடுவில் இருவரும் கமிஷன் அடிக்க, மிச்சம்தான் வெளிச்சம். அதுவும் போக, எதுவுமே எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கென்றே சில வாட் தின்னும். வீட்டில் அது தெரியாது. வண்டியில் ராத்திரி முழுக்க அது ஓடினால் ஒரு மின்விசிறி கூடுதலாக ஓடுவதற்குச் சமம்.

ஜி.பி. ரோட்டில் கார் அலங்காரக் கடைகளில் 12 வோல்ட் எல்.இ.டி. குவிந்து கிடக்கிறது. அதில் முக்கால்வாசி கண்ணைக் குத்தும் நீல வெள்ளை. ஒரு கடையில் மஞ்சள் வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “சார், அது பழைய மாடல் சார்” என்று இரக்கத்தோடு பார்த்தார் பையன். கடைசியில் ஜி4 பல்புகளை ஆன்லைனில்தான் வாங்கினோம். வட்டத் தட்டில் எல்.இ.டி. பதித்து, ஊசிக்கால் பக்கவாட்டில் வருகிற ரகம், 2.5 வாட். வாங்குமுன் விளக்குக் கிண்ணத்தின் ஆழத்தையும் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஹாலஜன் பல்பு பட்டாணி அளவுதான், எல்.இ.டி. தட்டு அதைவிட அகலம், மூடியை மூட விடாது. கூரான முனை கொண்ட குழல் பல்பு 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று பல நீளத்தில் வருகிறது. கண்ணால் பார்த்து வாங்க முடியாது, ஸ்கேல் வேண்டும்.

மாட்டும்போது ஒரு பல்பு எரியவில்லை என்றால் உடனே திருப்பித் தரக் கிளம்ப வேண்டாம். ஹாலஜனுக்கு பாசிட்டிவ் நெகட்டிவ் கிடையாது, எப்படிச் செருகினாலும் எரியும். எல்.இ.டி.யில் மின்சாரம் ஒரு பக்கமாகத்தான் போகும். எப்படிச் செருகினாலும் மின்சாரத்தைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிடும் பிரிட்ஜ் சர்க்யூட் உள்ளே இருக்கும் பல்புகள் எந்தப் பக்கமும் எரியும், இல்லாதவற்றைக் கழற்றித் திருப்பிச் செருக வேண்டும். திருப்பிப் போடுவது ஜி4-க்கும் குழல் பல்புக்கும் நடக்கும். அழுத்தித் திருப்பும் ரகத்தில் நடுப்புள்ளி ஒரு முனை, உடம்பு மறுமுனை, திருப்பவே வழியில்லை. ஹோல்டருக்குப் பின்னால் வயரைத்தான் மாற்ற வேண்டும். எங்கள் வண்டியில் ஒரு படிப்பு விளக்கு நேராகவும் இன்னொன்று தலைகீழாகவும் வயர் ஆகியிருந்தது. பல வருஷம் எரிந்த விளக்கு, யாருக்கும் தெரியவில்லை.

வயர் என்றதும் காசிமேடு ஞாபகம் வருகிறது. வண்டியின் பாதி வயர் முனைகளில் பச்சைப் பூத்திருந்தது. அடிக்கடி கடலோரத்தில் போய் நிற்கிற வண்டி, உப்புக்காற்று செம்பைச் சும்மா விடாது. விசைப்படகுகளுக்கு வயரிங் செய்யும் அண்ணன் ஒருவரை மச்சானுக்குத் தெரியும். அவரைக் கூட்டிவந்தோம். முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்புகளைப் பார்த்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “இன்னா சார் இது, கண்ணாலப் பந்தலுக்கு சீரியல் செட் போட்ட மாதிரி கீது!” என்றார். எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு வயர் போட்டு, முனையில் லக் என்கிற உலோகக் கொண்டி வைத்து அழுத்தி, மேலே வாசலின் தடவினார். படகில் அவர்கள் செய்வது அதுதான். வெள்ளீயப் பூச்சு இருந்தால் உப்பு உள்ளே ஏறி செம்பு கருக்காது. விலை கொஞ்சம் கூட. ஆனால் ஆறு விளக்குக்கு ஆகும் வயர் எவ்வளவு?

எல்.இ.டி. என்றதும் அவர் பேச்சு மீன் பக்கம் போனது. படகில் பெரிய எல்.இ.டி. விளக்கு கட்டி வெளிச்சத்துக்கு வரும் மீனை மொத்தமாக வாருவதை மத்திய அரசு 2017இல் தடை செய்தது. குஞ்சு மீன் முதற்கொண்டு எல்லாம் வந்து மாட்டும் என்பதுதான் சண்டை. படகுக்குள்ளே சமைக்கவும் படுக்கவும் போடும் விளக்கு வேறு, கடலுக்கு மேலே காட்டும் விளக்கு வேறு என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

ஃபியூஸையும் அவரே மாற்றினார். கூரை விளக்குகளுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. இப்போது ஆறும் சேர்ந்து ஒன்றேகால் ஆம்பியர்தான் எடுக்கின்றன. 5 ஆம்பியர் போதும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனால், சின்ன ஃபியூஸ் முந்திக்கொண்டு போகும். பிளைவுட்டும் ஸ்பாஞ்சும் ரெக்சினும் அடைத்த வண்டிக்குள் இது சின்ன விஷயம் இல்லை. ஹாலஜனைத் தூக்கியதில் எனக்குப் பெரிய நிம்மதியே அந்தச் சூடு போனதுதான். எரிகிற ஹாலஜனைத் தொட்டால் விரல் பொத்துவிடும். அதை ஒட்டியே கூரைத் துணி. மே மாதத்தில் ஒரு பக்கம் ஏ.சி. போட்டுவிட்டு இன்னொரு பக்கம் ஆறு அடுப்பு எரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எல்.இ.டி.க்குச் சூடே கிடையாது என்று நினைக்க வேண்டாம். வெளிச்சத்தில் சூடு வராது, முதுகில் வரும். அந்த முதுகுச் சூடு போக வழியில்லாமல் மூடிய கிண்ணத்துக்குள் அடைத்தால் அட்டையில் போட்ட 25,000 மணி நேரம் கிடைக்காது. வெயிலில் நிற்கும் வண்டியின் கூரை ஏற்கெனவே கொதிக்கும். ஆகவே மூடிக்குப் பின்னால் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், இடம் இருந்தால் அலுமினிய முதுகு உள்ள பல்பை எடுங்கள்.

இனி கண்ணாடி. இன்வெர்ட்டருக்கு இவ்வளவு பாரம் கொடுப்பதைக் கழற்றிவிடலாம் என்று நான் சொன்னதும் வீட்டில் எழுந்த எதிர்ப்பை விவரிக்க வேண்டாம். என் மனைவியும் அண்ணியும் ஒரே அணியில் நின்ற அபூர்வ நாள் அது. ‘நடிகை உட்கார்ந்த கண்ணாடி’ என்பது அவர்கள் வாதம். எந்த நடிகை என்று யாருக்கும் தெரியாது. சரி, பல்புகளின் இடத்தில் வேறு வெளிச்சம் வைப்போம் என்று முடிவானது. எட்டு ஹோல்டரையும் எடுத்துவிட்டு, கண்ணாடி ஓரத்தில் அலுமினியப் பட்டை ஒட்டி, அதற்குள் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்டிரிப் பதித்து, மேலே பால் நிற மூடி போட்டோம். மொத்தம் 12 வாட், ஒரு ஆம்பியர்.

ஸ்டிரிப்பில் இரண்டு விஷயம். ஒன்று, அதிலும் மூன்று எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர் என்ற அதே மலிவுக் கட்டமைப்புதான். வெட்டுகிற கோடு மூன்று மூன்றாக வருவது அதனால். 14.4 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் அதன் ஆயுள் கரையும். அதனால் முன்னால் ஒரு சின்ன ரெகுலேட்டர் வைத்தோம், பேட்டரி மேலே கீழே போனாலும் வெளியே ஒரே 12. இன்னொன்று நிறம். மலிவு ஸ்டிரிப் வெளிச்சத்தில் குங்குமம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும், கனகாம்பரம் சோர்ந்து தெரியும். சேலைக் கடையில் நம் ஆட்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவது சும்மா இல்லை. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் உண்டு, 100 முழு மார்க். குண்டு பல்பும் ஹாலஜனும் கிட்டத்தட்ட 100. சாதாரண எல்.இ.டி. 80. கண்ணாடிக்கு 90-க்கு மேல் உள்ளதைத் தேடிப் போட்டோம். சமையல் மேடைக்கும் அதையே சிபாரிசு செய்வேன். மீன் கெட்டுவிட்டதா என்று செவுளைப் பார்ப்பதற்காகவாவது.

நிறம் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வடசென்னை வீடுகளில் வெளிச்சம் என்றால் வெள்ளை டியூப்லைட். மஞ்சளாக எரிந்தால் ‘கரண்ட் லோ வோல்டேஜா?’ என்று கேட்பார்கள். எங்கள் மச்சானும் 6500 கெல்வின் கட்சி. கெல்வின் என்பது வெளிச்ச நிறத்தின் அளவு; எண் கூடினால் நீல வெள்ளை, குறைந்தால் மஞ்சள். வண்டிக்குள் மட்டும் அது வேண்டாம் என்று நான் நின்றேன். டெம்போ டிராவலருக்குள் கூரை தலைக்கு ஒரு முழம் மேலேதான். அவ்வளவு கிட்டத்தில், சன்மைக்கா பளபளக்கும் சின்ன இடத்தில், நீல வெள்ளை எரிந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த மாதிரி இருக்கும். பகல் முழுக்க ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிவிட்டு வந்தவனுக்கு அது தேவையில்லை. படுக்கைப் பக்கம் 2700, சமையல் மேடைக்கு 4000 என்று சமரசம் ஆயிற்று.

என் கட்சிக்குப் பலம் சேர்த்தது பூச்சி. வெள்ளை எல்.இ.டி. என்று ஒன்று தனியாகக் கிடையாது. அடியில் இருப்பது நீல எல்.இ.டி., அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீலத்தைப் பிரகாசமாக எரியவைப்பதில்தான் உலகம் பல காலம் திண்டாடியது. சிவப்பு எல்.இ.டி. 1962இலேயே வந்துவிட்டது, பிரகாசமான நீலம் கைகூட 1990கள் ஆனது. அதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். பாஸ்பரைத் தடிமனாகப் பூசினால் நீலம் குறைந்து மஞ்சள் கூடும், மெலிதாகப் பூசினால் நீலம் தூக்கும். பூச்சிகள் அந்த நீலத்துக்குத்தான் அதிகம் வரும். பழவேற்காடு ஏரிக்கரையில் இருட்டிய பிறகு கதவைத் திறந்து வைத்து வெள்ளை விளக்கைப் போட்டுப் பாருங்கள், சோற்றுத் தட்டில் கால் முளைத்துவிடும். மஞ்சளுக்கும் வரும், ஆனால் சாப்பிட முடிகிறது. மச்சான் இதை ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

புது விளக்கு கொண்டுவந்த புதுத் தொல்லைகளும் உண்டு. முதல் ராத்திரி விளக்கைப் போட்டதும் ரேடியோவில் 93.5 எஃப்.எம். பாட்டுக்குப் பின்னால் ஒரு இரைச்சல். பல்புக்குள் இருக்கும் டிரைவர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒழுங்கான வடிகட்டி இல்லையென்றால் அந்த வெட்டு விளக்கு வயரையே ஏரியலாக்கிப் பரப்பும். ரேடியோ ஏரியலுக்குப் பக்கத்தில் போகும் வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டியதும் பாதி அடங்கியது; மீதியைப் பல்பின் பிராண்டை மாற்றித் தீர்த்தோம். இரண்டாவது, சுவிட்சை அணைத்த பிறகும் ஒரு விளக்கு மின்மினி அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற மறுத்தார். பேயும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த சுவிட்சுக்குள் ஒரு சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறது. அது எரிவதற்குப் போகும் துளி மின்சாரம் பல்பு வழியாகத்தான் சுற்றை முடிக்கிறது. ஹாலஜனுக்கு அது உறைக்காது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். சாதா சுவிட்ச் போட்டோம், பேய் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் உள்விளக்குக்கு மட்டும். இண்டிகேட்டர், பிரேக் லைட் பக்கம் அதே உற்சாகத்தோடு போகாதீர்கள். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய பிளாஷர், பல்பு எடுக்கும் வாட்டை நம்பித்தான் டிக் டிக் என்று அடிக்கிறது. வாட் குறைந்தால் பல்பு ஃபியூஸ் என்று நினைத்துப் படபடவென்று அடிக்கும். சட்டப் பக்கமும் உண்டு. அதைத் தொடவில்லை.

பெரியப்பாவின் ஒரே கட்டளை நைட் லாம்ப். ஸ்லீப்பர் பெட்டியில் ராத்திரி எரியுமே நீல விளக்கு, அது நடைபாதையில் கண்டிப்பாக வேண்டும் என்றார். “நடு ராத்திரி பாத்ரூம் போறவன் அடுத்தவன் காலை மிதிக்காம போகணும். அதுக்குத்தான் அது” என்றார். அரை வாட் நீல எல்.இ.டி. ஒன்று தரையோரத்தில் வைத்தோம். ராத்திரி முழுக்க எரிந்தாலும் அரை ஆம்பியர்-அவர் கூட ஆகாது. நீலம் என்றால் பூச்சி வருமே என்று மச்சான் என் வாதத்தையே என்மீது திருப்பினார். ராத்திரி கதவு மூடியிருக்கும் என்று சொல்லித் தப்பித்தேன்.

எல்லா பல்பையும் மாற்றவில்லை. மேல் அலமாரிக்குள் இருக்கும் 10 வாட் குழல் பல்பு நாளுக்கு ஐந்து நிமிஷம் எரியும். அது எடுப்பது 0.07 ஆம்பியர்-அவர். அதற்கு நல்ல எல்.இ.டி. வாங்கும் காசில் காசிமேட்டில் ஒருவேளைக்கு நெத்திலி வாங்கலாம். பின்கதவு விளக்கும் அப்படியே. ‘முழு வண்டியும் எல்.இ.டி.’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளும் ஆசை இருப்பவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். நீண்ட நேரம் எரிவதை மாற்று, சும்மா கிடப்பதை விடு என்பது என் கணக்கு. மாற்றுவதற்குமுன் ஒரு ராத்திரி எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று குறித்து வைத்தால் எங்கே காசு போட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இப்போது பழைய கணக்கை மறுபடி போட்டால்: கூரை விளக்கு நான்கு மணி நேரத்துக்கு 5 ஆம்பியர்-அவர், கண்ணாடி அரை மணிக்கு அரை, மின்விசிறி அதே 20. மொத்தம் 25-க்குச் சற்று மேல். 1970இல் ஓட ஆரம்பித்து 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஊரைச் சுற்றி மெகாவாட் கணக்கில் தயாரானதைப் பார்த்துவிட்டு, இங்கே அரை ஆம்பியருக்கு உட்கார்ந்து பேரம் பேசுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்வெர்ட்டர் இப்போது ராத்திரியில் கத்துவதில்லை. அதன் சுவிட்சையே அணைத்து வைத்துவிடுகிறோம்.

இனி பெரிய செலவாளி மின்விசிறிதான். அதற்கும் குறைவாக மின்சாரம் எடுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் மின்விசிறி ஒன்றை மச்சான் பார்த்து வைத்திருக்கிறார். 24 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார்.